'சிரித்த முகம்' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் ஊட்டி திபெத்தியச் சந்தை பற்றிப் படங்களோடு ஒரு கட்டுரை வந்திருந்தது. ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருக்கும் இளம்பெண் ஒருத்தியின் படம். அதன் கீழே, "நாடிழந்தாலும் மாறாத சிரித்த முகம்" என்று ஒரு வரி. படம் அழகுதான். அந்த வரிதான் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டினால் வெட்டிக்கொள்ளுங்கள், போன் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து 2015-ல் ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை, மகன் வெளியூரில். கிழக்குத் தாம்பரத்தில் சொந்த வீடு. மாடியில் இருக்கும் இரண்டு அறைகளை 2016-லிருந்து திபெத்திய மாணவர்களுக்குத்தான் வாடகைக்கு விட்டுவருகிறேன். கொள்கை கிள்கை எதுவும் கிடையாது. இங்கே கல்லூரிகளில் படிக்க வந்த பிள்ளைகள் வீடு தேடி அலைந்தார்கள், தெருவில் ஒருவரும் கொடுக்கவில்லை, என் மாடி காலியாக இருந்தது. மாட்டுக்கறி சமைப்பார்களே என்று எதிர்வீட்டு அம்மா வந்து கேட்டார். சமைத்தால் வாசனை எனக்குத்தானே வரும், உங்களுக்கு என்ன என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

பத்து வருஷத்தில் பதினைந்து, பதினாறு பேர் இருந்து போயிருப்பார்கள். வாடகை மூன்றாம் தேதி தவறியதில்லை. செருப்பெல்லாம் படிக்கட்டில் ஜோடி ஜோடியாக நிற்கும். ஒருத்தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று பேர் எட்டிப் பார்ப்பார்கள், எல்லாருமே டென்சின். தலாய் லாமாவின் பெயர் டென்சின் கியாட்சோ. பிள்ளை பிறந்ததும் அவரிடம் பெயர் கேட்டு வாங்குவார்கள், அவர் தன் பெயரில் பாதியைக் கொடுத்துவிடுவார். நான் சொல்லப்போகும் பையனும் ஒரு டென்சின்தான். அதனால் பெயரைச் சொன்னாலும் அவன் யாரென்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

கர்நாடகத்தில் கொள்ளேகால் பக்கம் ஒடையார்பாளையத்தில் திபெத்தியர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. சத்தியமங்கலம், திம்பம், ஆசனூர் வழியாகப் போனால் நம் எல்லையைத் தாண்டியதும் வந்துவிடும். 1970-களில் காட்டு ஓரத்தில் நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். யானைக்குக் காவல் இருந்து மக்காச்சோளம் விளைவிக்கிற ஊர். இவன் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. தமிழும் அந்தப் பக்கத்துத் தமிழ், "ஏனுங்க" என்றுதான் ஆரம்பிப்பான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்தியூர்க்காரன் என்பீர்கள்.

ஆனால் இவன் குடிவந்தபோது நான் 'சி' படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. வெளிநாட்டவரைத் தங்க வைக்கிற வீட்டுக்காரர் அரசுக்குத் தெரிவிக்கிற படிவம் அது. "ஆர்.சி. இருக்கு ஆன்ட்டி" என்றான். பைக் வைத்திருக்கிறாயா, நிறுத்த இடமில்லையே என்றேன். அவர்கள் ஆர்.சி. என்பது வண்டிப் புத்தகம் அல்ல. 'இந்த ஆள் இந்தியாவில் இருக்கலாம்' என்று காவல் துறை கொடுக்கிற பதிவுச் சான்று. காலக்கெடு முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். வெளிநாடு போக பாஸ்போர்ட்டுக்குப் பதில் மஞ்சள் அட்டை போட்ட ஒரு புத்தகம், அதை ஐ.சி. என்கிறார்கள். பிறந்தது சாமராஜநகர் மாவட்டம், படிவத்தில் அயல்நாட்டவன். அதை நிரப்பும்போது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அவன்தான் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக்கொடுத்தான்.

அந்தச் சிரிப்பில்தான் நானும் ஏமாந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் நோயாளிகளின் முகத்தைப் பார்த்தவள். மன அழுத்தத்துக்கு என்னென்ன அறிகுறி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். இவன் கடைசி வருஷத்தில் வகுப்புக்குப் போவது குறைந்தது. மத்தியானம் வரை அறைக் கதவு சாத்தியே கிடக்கும். மோமோ செய்தால் முதல் தட்டு எனக்குக் கொண்டு வருகிறவன், சமைப்பதையே விட்டுவிட்டான். நான் கேட்கும்போதெல்லாம் "ஒண்ணுமில்லீங்க ஆன்ட்டி" என்று சிரிப்பான். வயசுப் பிள்ளை, ராத்திரி முழுக்கப் போன் பார்க்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என்னிடமிருந்து வந்திருக்கக் கூடாத நினைப்பு அது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். மழை விட்டிருந்தது. மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று பார்க்க டார்ச்சோடு ஏறினேன். ஈரத் தரையில் தொட்டிக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு பழைய போன், திரையில் கீறல் விழுந்தது. தினமும் அவன் பயன்படுத்துகிற போன் அல்ல. அதைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"சார்ஜ் தீர்ந்துபோச்சு ஆன்ட்டி" என்றான். அதற்கா இப்படி என்று கேட்க வாயெடுத்தேன். முகத்தில் டார்ச் வெளிச்சம் பட்டதும் நிறுத்திக்கொண்டேன்.

கீழே இன்வெர்ட்டரில் கொஞ்சம் உயிர் இருந்தது. அணைத்து வைத்திருந்ததைப் போட்டு, கூடத்தில் அந்தப் போனைச் செருகினேன். அரை மணி நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. கடுங்காப்பி போட்டுக் கொடுத்தேன். போன் உயிர் பெற்றதும் ஒரு குரல் பதிவைப் போட்டான். வயதான பெண்ணின் குரல். நாற்பது விநாடிகூட இருக்காது. நடுவில் ஒரு இருமல், பின்னால் எங்கோ நாய் குரைக்கிறது. முடிந்ததும் மறுபடி போட்டான். மூன்றாவது முறை போடும்போதுதான் அழுதான்.

அவனுடைய அம்மாவின் அம்மா. திபெத்துக்குள் கம் பகுதியில் இருந்தவர். அம்மா சின்னப் பெண்ணாக மலை தாண்டி வந்துவிட்டார், பாட்டி அங்கேயே தங்கிவிட்டார். இவன் அவரை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. சீனர்களின் வீசாட் செயலி ஒன்றுதான் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வாசல். அதிலும் எதையும் பேசிவிட முடியாது. அங்கே யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற பயம். தலாய் லாமா என்ற சொல்லே வரக் கூடாது. அதனால் பனி விழுந்ததா, யாக் கன்று போட்டதா, சாப்பிட்டாயா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சீன எல்லையில் நடந்த மோதலுக்குப் பிறகு, 2020 ஜூன் கடைசியில் நம் அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. நமக்கெல்லாம் டிக்டாக் போனது ஒரு வாரப் பேச்சு. அந்தப் பட்டியலில் வீசாட்டும் இருந்தது. தடை சரியா தப்பா என்று வாதாட நான் வரவில்லை. அன்றைக்கு எத்தனை வீட்டில் அம்மா, பாட்டி, தம்பியின் குரல் நின்றுபோனது என்று நம் பத்திரிகைகள் எத்தனை எழுதின என்று மட்டும் கேட்கிறேன்.

பாட்டி அடுத்த வருஷம் இறந்துவிட்டார். செய்தி ஐந்து மாதம் கழித்து நேபாளத்தில் இருக்கிற யாரோ ஒருவர் வழியாக வந்தது. அந்தச் செயலி நின்றுபோவதற்கு முன்னால் வேறொரு கருவியில் பதிந்து வைத்ததால் அந்த நாற்பது விநாடி மட்டும் மிஞ்சியது. தினமும் படுக்கும்போது கேட்பானாம். "என்ன சொல்றாங்க?" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாதிதான் புரியும் ஆன்ட்டி. அவங்க பேச்சு வேற, எங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்த பேச்சு வேற" என்றான்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கடிதமே.

ஒடையார்பாளையத்தில் அவனுடைய அப்பாவின் அம்மா இருக்கிறார். 1959-ல் தலாய் லாமா லாசாவை விட்டு வந்தபின் கிளம்பிய கூட்டத்தில் பனியில் நடந்து வந்தவர். காலில் இரண்டு விரல் கிடையாது. வழியில் ஒரு தம்பியையும் பறிகொடுத்தவர். காட்டை வெட்டி நிலமாக்கினார். "அந்தப் பாட்டி முன்னாடி போயி, எனக்கு மனசு சரியில்லைன்னு எப்படிங்க சொல்றது? எனக்கு என்ன வந்துச்சு? சோறு இருக்கு, படிப்பு இருக்கு."

இந்தக் கேள்வியை அப்புறம் வேறு வேறு பிள்ளைகள் வாயிலும் கேட்டுவிட்டேன். பெரியவர்களின் துன்பத்துக்குத் தேதி உண்டு, கதை உண்டு, வருஷா வருஷம் மார்ச் 10-ல் கூடி நினைவுகூர ஒரு நாளும் உண்டு. இங்கே பிறந்தவனுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அவனுடைய வலி தவணை தவணையாக வருவது. அக்டோபர் பிறந்தால் அப்பாவும் அம்மாவும் லூதியானாவில் கடனுக்குச் சரக்கு எடுத்துக்கொண்டு ஸ்வெட்டர் விற்கக் கிளம்பிவிடுவார்கள். ஒரு வருஷம் நாக்பூர், ஒரு வருஷம் ராய்ப்பூர். திரும்ப வர ஜனவரி ஆகும். ஆறு வயதிலிருந்து குளிர்காலம் என்றால் விடுதிதான். அக்கா டொரன்டோவில். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பாரிசிலும் நியூயார்க்கிலும் யார் வீட்டுப் பிள்ளையையோ பார்த்துக்கொள்கிறார்கள். ஊரில் அவர்கள் வீடெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. 2009-ல் திபெத்தியர்களே எடுத்த கணக்கில் இந்தியாவில் சுமார் 94,000 பேர். அதற்குப் பிறகு குறைந்துகொண்டே வருகிறது. மிஞ்சியிருப்பவனுக்கு, நான் ஏன் இன்னும் போகவில்லை என்பதே ஒரு நோயாகிவிடுகிறது.

இவனுக்கு அந்தச் சமயத்தில் வேறொன்றும் நடந்திருந்தது. வளாகத் தேர்வில் ஒரு நிறுவனம் இவனை எடுத்துக்கொண்டு, பாஸ்போர்ட் நகல் கேட்டது. மஞ்சள் புத்தகத்தைக் காட்டினான். பிறகு சொல்கிறோம் என்றார்கள். சொல்லவே இல்லை. நான் கோபத்தில், நீ இங்கே பிறந்தவன்தானே, குடியுரிமை கேட்டு வாங்கு என்றேன். விசாரித்துப் பார்த்தால் சட்டம் அவன் பக்கம்தான் இருக்கிறது. 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். நம்க்யால் டோல்கர் என்ற திபெத்தியப் பெண் தில்லி உயர் நீதிமன்றம் வரை போய் 2010-ல் இதை நிலைநாட்டினார். 2016-ல் அதே நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. இவனுடைய அப்பா 1978-ல் இங்கே பிறந்தவர். அப்படியானால் 2002-ல் பிறந்த இவனும் இந்தியன்தான். ஆனால் 2017-ல் அரசு போட்ட நிபந்தனையைப் பாருங்கள். பாஸ்போர்ட் வேண்டுமானால் ஆர்.சி.யையும் ஐ.சி.யையும் ஒப்படைக்க வேண்டும், அகதிகளுக்கான சலுகைகளை விட வேண்டும், குடியிருப்பில் வசிக்கவும் கூடாது என்றது அது. பாட்டி வெட்டிய காட்டில் பேரனுக்கு வீடு இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் பேரன் இந்தியன். அதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. "நாங்க எல்லாரும் இந்தியர் ஆயிட்டா, திபெத்தியர்னு யாருங்க மிச்சம் இருப்பாங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை. மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாமிலேயே பிறந்து முகாமிலேயே கல்யாணம் செய்துகொண்ட ஈழப் பிள்ளைகளைப் பார்த்த தமிழருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அவன் அறைச் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். புயலுக்கு மறுவாரம்தான் உள்ளே போய்ப் பார்த்தேன். வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள் அச்சிட்ட ஒரு தாள். 2009-லிருந்து திபெத்துக்குள் தீக்குளித்தவர்கள், 150 பேருக்கும் மேல். பாதிப் பேர் இவன் வயசு. அவர்களைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். "நான் ஒண்ணுமே செய்யலைன்னு தோணும்" என்றான்.

ஐயா, நான் தீக்காயப் பிரிவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். அங்கே நான் பார்த்தது வேதனை. வீரம் என்று பத்திரிகையில் படித்ததோடு சரி. 2009-ல் ஈழத்துக்காகத் தீக்குளித்த நம் முத்துக்குமாரை நாமும் சுவரொட்டியாக்கினோம், அதைப் பார்த்து வேறு பிள்ளைகளும் அந்த வழியில் போனார்கள். அதையெல்லாம் அவனிடம் சொன்னேன். பிரசங்கம் செய்யவில்லை. வார்டில் பிள்ளைகள் கடைசியில் யாரைக் கூப்பிடுவார்கள் என்று மட்டும் சொன்னேன். நீ தினமும் ராத்திரி பாட்டியின் குரலைக் கேட்கிறாயே, அது ஒன்றும் செய்யாமல் இருப்பதா என்றேன். தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை. அவனாகவே அதைக் கழற்றி மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டான். இப்போதும் வைத்திருப்பான்.

மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனேன். நல்ல மனிதர், ஆனால் வெளியே கூட்டம். சாக வேண்டும் என்று நினைப்பு வருகிறதா என்று நேரடியாகக் கேட்டார். இல்லை என்று சிரித்தான். மனிதப் பிறவி கிடைப்பதே அரிது என்று பாலோடு சேர்த்து ஊட்டி வளர்த்த பிள்ளை அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று எப்படிச் சொல்லும்? நான் குறுக்கே புகுந்து, காலையில் கண் விழிக்கும்போது இன்னொரு நாளா என்று இருக்கிறதா தம்பி என்று கேட்டேன். சிரிப்பு போய்விட்டது. மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனவனை அவன் அப்பா, தங்கள் வைத்தியரிடம் காட்டியிருக்கிறார். அவர்கள் ஆம்ச்சி என்பார்கள். இரண்டு கையிலும் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு "லுங்" என்றாராம். லுங் என்றால் காற்று. கவலை கூடினால் உடம்புக்குள் அந்தக் காற்று நெஞ்சுக்கு ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். கோபம் வந்தாலே லுங் கிளம்பிவிட்டது என்றுதான் பேச்சு வழக்கில் சொல்வார்களாம். அலோபதிக்காரியான நான் முதலில் முகத்தைச் சுளித்தேன். பிறகு யோசித்தால், நம் சித்த வைத்தியத்திலும் வாதத்தைத்தானே முதலில் வைக்கிறோம். தவிர, மன அழுத்தம் என்று சொன்னபோது தலையைக் குனிந்த அவன் அப்பா, லுங் என்றதும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். வெட்கம் போய்விட்டது. மாத்திரை நம்முடையது, பெயர் அவர்களுடையது என்று இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது அவன் பெங்களூரில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் வேலை செய்கிறான். மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை. சில வாரம் நன்றாக இருப்பான், சில வாரம் போனை எடுக்க மாட்டான். லோசார் புத்தாண்டுக்குக் கட்டாயம் கூப்பிடுவான். முதலில் ஆன்ட்டி, இப்போது அமா-லா. நம் 'ங்க' மாதிரி மரியாதைக்குச் சேர்ப்பது அந்த லா. 2025 ஜூலை 6-ல் தலாய் லாமாவுக்கு 90 வயது நிறைந்தது. அன்றைக்கு வாழ்த்துச் சொல்லலாம் என்று நானே கூப்பிட்டேன். பின்னால் பாட்டும் கூச்சலுமாக இருந்தது. கொஞ்ச நேரம் சந்தோஷமாகப் பேசியவன், குரலைத் தாழ்த்தி, "அவருக்கு அப்புறம் நாங்க யாருங்க அமா-லா?" என்றான். தம் பதவி தமக்குப் பிறகும் தொடரும் என்று அவர் நான்கு நாள் முன்னால்தான் அறிவித்திருந்தார். அதை எடுத்துச் சொன்னேன். அது தெரியும் என்றான்.

2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோது சென்னையில் திபெத்திய மாணவர்கள் சிலரை முன்னெச்சரிக்கையாகப் பிடித்து வைத்தார்கள். என் வீட்டுக்கும் இரண்டு காவலர்கள் வந்து மரியாதையாகவே விசாரித்துவிட்டுப் போனார்கள். ஆக, இந்த நகரத்தில் திபெத்தியப் பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று ஒரே நாளில் கண்டுபிடிக்க முடிகிறது. கல்லூரிகளும் அந்தக் கணக்கைக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது. வருஷத்துக்கு ஒருமுறை மனநல நாளில் மேடை போடுவதைவிட, அக்டோபரிலிருந்து பெற்றோர் வியாபாரத்துக்குப் போயிருக்கும் மாதங்களில் விடுதியில் ஒருவர் போய் உட்கார்ந்து பேசினால் போதும். அவர்களிலேயே மூத்த மாணவன் ஒருவன் கூட இருந்தால் இன்னும் நல்லது. ஆலோசகர்கள், உன் ஊரில் என்ன கொடுமை பார்த்தாய் என்று ஆரம்பிக்காமல் இருக்க வேண்டும். இவர்கள் பார்த்தது ஒடையார்பாளையமும், கர்நாடகத்திலேயே இன்னொரு குடியிருப்பான பைலகுப்பேயும்தான். வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ என் மாடிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு பிள்ளை கூப்பிட்டால் மறுமுனையில் இருப்பவருக்கு ஆர்.சி. என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கவலை.

அடுத்த முறை ஊட்டிக்குப் போகும் உங்கள் நிருபர் அந்தப் பெண்ணிடம், ஜனவரிக்குப் பிறகு எந்த ஊர் என்று கேட்டுவிட்டு வரட்டும்.

மாடி ஜூனில் காலியாகிறது. கொள்ளேகாலிலிருந்து இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், இரண்டு பேரும் டென்சின். இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி வாங்கி, மாடிக்கும் ஒரு பிளக் பாயின்ட் இழுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர், உங்கள் நெடுநாள் வாசகி,
கிழக்குத் தாம்பரம்.